நீலத் தாள்

போத்தி துறைமுகத்தில் கண்டெய்னர் பிரிப்பவனிடம் வாங்கினேன்,
வெண்கல நிறத்தில் நான்கு ரிம்.
பதினெட்டு அங்குலம், ஒன்பதரை அகலம்.
ஒன்றின் ஓரத்தில் மட்டும் கீறல்,
ஒசாகாவின் ஏதோ நடைபாதைக் கல்
போட்டு அனுப்பிய கையெழுத்து.
"அப்படியே உட்காரும்" என்றான்.
பல் செய்யும் லேபில் எனக்குப் பதினோரு வருடம்.
எதுவும் அப்படியே உட்கார்ந்ததில்லை.

ருஸ்தாவியில் காற்று ஓய்ந்த ஞாயிறு அது.
ஜும்பெரின் தகரக் கொட்டகையில்
ஐந்து துளையும் ஐந்து போல்ட்டும் சண்டையில்லாமல் சேர்ந்தன.
ஜாக்கிலிருந்து இறக்கினோம்.
வலப்பக்க ஸ்டீயரிங், இரண்டு கதவு, இருபத்திரண்டு வயது மஞ்சள் வண்டி
இரவல் கோட்டில் சாட்சி சொல்ல வந்தவன் போல
விறைத்து நின்றது.

முதல் வளைவிலேயே உறுமல்.
இடது முன்சக்கரம் எதையோ தின்றது.

ஃபெண்டரைச் சூடாக்கி மடக்கிவிடலாம் என்றான் ஜும்பெர்.
ஸ்பேசர் போடு என்றான் அவன் மைத்துனன் பாட்ரி.
ஸ்பேசர் போட்டால் இன்னும் வெளியே வருமடா.
அப்படியானால் உள்ளே தள்ளு.
உள்ளே தள்ளினால் ஸ்ட்ரட்டில் இடிக்கும்.
இந்தப் பக்கம் மூன்று மில்லி, அந்தப் பக்கம் நான்கு.
ஏழு மில்லிமீட்டருக்குள்
மூன்று பேரின் ஞாயிற்றுக்கிழமை அடங்கிப்போனது.

என் பையில் நீலத் தாள் இருந்தது.
பிளாஸ்டர் தாடைகள் இரண்டையும் கடிக்கவிட்டு
நடுவே வைக்கும் மெல்லிய தாள்.
புதுப்பல் எங்கே உயரமோ அங்கே நீலம் படியும்.
மனித வாய் மரியாதைக்குப் பொய் சொல்லும்,
பரவாயில்லை என்று எழுந்து போகும்.
தாளுக்கு மரியாதை தெரியாது.

விளிம்பில் நான்கு துண்டு ஒட்டினேன்,
உள்ளே பிளாஸ்டிக் கூட்டில் இரண்டு.
இடப்பக்க சீட்டில் பாட்ரி,
வண்டிக்குப் பாரம் உறைக்கட்டும் என்று
அவன் மடியில் சிமெண்ட் மூட்டை.
ஸ்டீயரிங்கை முழுக்க முறித்து
காலி மைதானத்தில் எட்டு எட்டாகப் போட்டேன்.
நாய்கள் குரைத்து அலுத்து
உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

விளிம்பின் நான்கு தாளும் கசங்கவில்லை.
ஐந்தாவதும் இல்லை.
ஆறாவது கிழிந்து தொங்கியது.
அங்கே ஒரு திருகு,
எவனோ அவசரத்தில் போட்ட, தேவைக்கு மேல் நீண்ட
ஒற்றைத் திருகு.
டயரில் அதே அளவுக்கு ஒரு நீல மச்சம்.

ஜும்பெர் ஹீட்கன்னைப் பெட்டியில் வைத்து மூடினான்.
ஒன்றும் பேசவில்லை.

அத்தோடு முடிந்திருக்கலாம்.
திபிலிசி நெடுஞ்சாலையில், தொண்ணூறில், கைகள் நடுங்கின.
எண்பதில் இல்லை. நூற்றுப் பத்தில் இல்லை.
தொண்ணூறில் மட்டும்,
பழைய காதலன் பெயரை யாரோ சொன்னது போல.
மூன்று முறை பாலன்ஸ் பார்த்தோம்.
நான்காவது முறை சக்கரத்தைக் கழற்றிக்
காலிப்பரை அளக்க வைத்திருந்த அளவுகோலை
நடுத்துளைக்குள் விட்டேன்.
ரிம்முக்கு எழுபத்து மூன்று. ஹப்புக்கு ஐம்பத்தாறு.
சுற்றிலும் எட்டரை மில்லி வெறும் காற்று.
இத்தனை நாளும் அது உட்காரவேயில்லை,
ஐந்து நட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

வளையம் ஜெர்மனியிலிருந்து வர மூன்று வாரம்.
லேபில் பல் கடையும் இயந்திரம் இரவில் சும்மா கிடக்கும்.
முதல் நான்கை ஈறு நிற அக்ரிலிக்கில் கடைந்தேன்.
மலைச்சாலை இறக்கத்தில் பிரேக் சூட்டில் இளகி,
வண்டியைச் சுற்றிப் பல் ஆஸ்பத்திரி வாசம்.
அடுத்த நான்கு, தந்த நிறம், சூட்டுக்கு அசையாத ரகம்.
உள்ளே போகும்போது ஒரு சின்ன 'க்ளிக்'.
கிரீடப்பல் பொருந்தும்போது
என் விரல்நுனிக்கு மட்டும் கேட்கும் அதே சத்தம்.

தொண்ணூறில் இப்போது ஒன்றுமில்லை.
ஆனாலும் முள் அங்கே வரும்போது
ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துவிடுகிறேன்.

அலமாரியில் நான்கு வட்டு குறைகிறதே என்று
முதலாளி லாமாரா கேட்கிறாள்.
அவற்றின் விலை ரிம்களைவிட அதிகம்.
"உருளைக்கிழங்கு மண்டிக்காரனுக்கு" என்றேன்.
"பெரிய தாடை."